வீடியோ விளையாட்டும் நமது வீட்டு வாசலும்

  

இஷாத் தொழுகைக்குப் பின்னர் நம் வீடுகளில் அநேகமாக எல்லா அறைகளிலும் ஒளிர்ந்துகொண்டிருக்கும் ஒரு பொருளைப் பற்றியே இன்றைய உரை அமைகின்றது. தொலைக்காட்சியுடன் இணைக்கும் கொன்சோல் பெட்டியிலும், கையிலுள்ள அன்ட்ரொய்ட் தொலைபேசியிலும் நம் பிள்ளைகள் விளையாடும் வீடியோ விளையாட்டுக்களையே குறிப்பிடுகின்றேன்.

இவ்விளையாட்டுக்கள் ஆகுமானவையா, ஆகாதவையா என்று தீர்ப்புரைப்பது உலமாக்களின் பணியாகும். விளையாட்டினால் நேரம் வீணாகின்றது, படிப்புக் கெடுகின்றது என்பவற்றை நீங்கள் பலரும் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆகவே, குறைவாகவே கேட்கப்படும் ஒரு கேள்வியை மாத்திரம் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். நமது பிள்ளை விளையாடும்போது அவ்விளையாட்டின் மறுமுனையில் அமர்ந்திருப்பவர் யார்? அவரை நம் வீட்டுக்குள் வர அனுமதித்தவர் யார்?

விளையாட்டை இகழாத மண்

வடமராட்சிக் கரையிலுள்ள வல்வெட்டித்துறையை நீங்கள் அறிவீர்கள். கடலோடிகளின் ஊர் அது. அங்கு வாழ்பவர்கள் நம் சமூகத்தவர் அல்லர்; எனினும் அயலவரிடமிருந்து கற்றுக்கொள்வதில் நமக்குக் குறைவேதும் இல்லை.

அவ்வூர் மக்கள் விளையாட்டைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கியதில்லை. ஆழிக்குமரன் ஆனந்தன் அவ்வூரில் பிறந்தவர். 1971ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், அங்கிருந்து மீண்டும் இங்கும் நீந்திக் கடந்து உலகின் கவனத்தை ஈர்த்தார். இன்றும் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் தைப்பொங்கல் காலத்தில் உதயசூரியன் கடற்கரையிலே பட்டத் திருவிழா நடைபெறுகின்றது. மூங்கிலைச் சீவி, தாளை ஒட்டி, விண் பூட்டி, கப்பல் போலவும் பறவை போலவும் பென்னாம்பெரிய பட்டங்களை ஏற்றுகின்றார்கள். கரையெங்கும் மக்கள் திரண்டு நின்று பார்க்கின்றார்கள்.

அந்தப் பட்டத்தை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அதற்குப் பருவம் உண்டு. வாடைக்காற்று வீசும் மாதங்களில்தான் அது ஏறும். காற்று விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும். அதனை ஏற்றுபவர் யார், பக்கத்தில் நிற்பவர் யார் என்பது ஊருக்கே தெரியும். நூலின் ஒரு முனை பிள்ளையின் கையில், மறுமுனை வானத்தில். அந்த நூலின் வழியே பிள்ளையின் பெயரோ, பாடசாலையோ, வீட்டு முகவரியோ எவரிடமும் போய்ச் சேர்வதில்லை.

கையிலுள்ள தொலைபேசி விளையாட்டுக்கோ பருவமில்லை. இன்று நுழைந்தால் ஒரு பரிசு, நாளையும் நுழைந்தால் இன்னொரு பரிசு என்று முடிவில்லாமல் இழுத்துச் செல்லும் வண்ணம் அது அமைக்கப்பட்டுள்ளது. அதன் நூலோ, பிள்ளையின் கையிலிருந்து புறப்பட்டு நாம் பெயரறியாத பல நிறுவனங்களைச் சென்றடைகின்றது.

அறியாத பெற்றோர், அறிந்த பிள்ளைகள்

குடாநாட்டில் இன்று பெற்றோராக இருப்பவர்களுள் பலர் யுத்த காலத்துப் பிள்ளைகள். 1990ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் அங்கு மின்சாரம் இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. அதே 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது மக்களின் பிள்ளைகளோ புத்தளத்து முகாம்களில் ஓலைக் குடிசைகளில் வளர்ந்தார்கள். இரு தரப்பாரும் வீடியோ விளையாட்டை அறியாமலே இளமையைக் கடந்தவர்கள்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப்பிலும் சூமிலும் பாடம் நடைபெறுகின்றது என்பதற்காகக் கடன்பட்டேனும் பிள்ளைக்கு ஒரு தொலைபேசியை வாங்கிக் கொடுத்தோம். பாடம் முடிந்தது, தொலைபேசி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. இலண்டனிலும் டொரொன்டோவிலும் வாழும் உறவினர் ஊர் வரும்போது அன்போடு கொண்டுவரும் பொருட்களுள் பிளேஸ்டேஷனும் ஒன்றாகிவிட்டது. வல்வெட்டித்துறைப் பிள்ளையும், யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பிள்ளையும், புத்தளத்துப் பிள்ளையும் இன்று ஒருவரையொருவர் அறியாமலே ஒரே அணியில் நின்று விளையாடக்கூடும். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், அந்த அணியிலே முகமறியாத வளர்ந்தவர் ஒருவரும் இருக்கக்கூடும் என்பதையே நாம் மறந்துவிடுகின்றோம்.

மறுமுனையில் இருப்பவர்

இது வெறும் அச்சமன்று. நீதிமன்றங்களும் அரசாங்கங்களும் ஆராய்ந்து கூறிய விடயமாகும்.

ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டை நம் பிள்ளைகள் அறிவார்கள். அதனை வெளியிடும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்து, 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நிறுவனம் 52 கோடி டொலர் செலுத்த இணங்கியது. அதில் 27 கோடி 50 இலட்சம் டொலர், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விபரங்களைப் பெற்றோரின் சம்மதமின்றித் திரட்டியது தொடர்பானது. முன்பின் அறியாதவரோடு பேசும் வசதி பிள்ளைகளுக்கும் தொடக்கத்திலேயே திறந்து விடப்பட்டிருந்தது என்பதும் முக்கிய குற்றச்சாட்டாகும். எஞ்சிய 24 கோடி 50 இலட்சம் டொலர், விளையாடுவோரைத் தந்திரமாகப் பணம் செலவழிக்கச் செய்தமைக்காகத் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டிய தொகையாகும்.

எக்ஸ்பொக்ஸ் கொன்சோலை விற்கும் மைக்ரோசொப்ட் நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 2 கோடி டொலர் செலுத்த இணங்கியது. கணக்குத் திறக்கத் தொடங்கிய பிள்ளைகளின் விபரங்களை, பெற்றோர் பதிவைப் பூர்த்தி செய்யாத நிலையிலும் நீண்டகாலம் வைத்திருந்தது என்பது குற்றச்சாட்டு. அதற்கு முன்னர், 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் பிளேஸ்டேஷன் வலையமைப்பினுள் திருடர் புகுந்தபோது 7 கோடி 70 இலட்சம் கணக்குகளின் விபரங்கள் ஆபத்துக்குள்ளாயின; வலையமைப்பே மூன்று வாரங்களுக்கு மேல் மூடிக் கிடந்தது.

நமது அயல்நாடான இந்தியா 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளைத் தடைசெய்தது. பயனாளரின் தரவுகள் நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லப்படுகின்றன என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றாகும். அத்தடையில் அரசியலும் கலந்திருந்தது உண்மையே. ஆயினும், விளையாட்டுச் செயலி என்பது வெறும் விளையாட்டுச் சாமான் அல்லவென்று கோடிக்கணக்கான பெற்றோர் முதன்முதலாக உணர்ந்தது அன்றுதான்.

ஏலம் போகும் விபரம்

இலவசமாகக் கிடைக்கும் சிறு விளையாட்டுக்கள் எவ்வாறு இலாபம் ஈட்டுகின்றன என்று சிந்தித்திருக்கின்றீர்களா?

விளையாட்டின் நடுவே ஒரு விளம்பரம் தோன்றுகின்றது அல்லவா? அது தோன்றுவதற்கு முந்திய கணநேரத்தில், அந்த இடத்தை வாங்குவது யார் என்று ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகின்றது. அவ்வேலத்தில் பங்குகொள்ளும் நிறுவனங்களுக்கெல்லாம், தொலைபேசியின் விளம்பர அடையாள இலக்கம், அதன் வகை, அது இருக்கும் இடம் போன்ற விபரங்கள் அனுப்பப்படுகின்றன. விளம்பர இடத்தை வெல்வது ஒரு நிறுவனமே. ஆனால் ஏலத்துக்கு வந்தவர்கள் அனைவரும் அவ்விபரங்களைப் பார்த்துவிடுகின்றனர். இவ்வாறு கிடைத்த இருப்பிட விபரங்களைச் சேர்த்து விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் பல உள்ளன.

கிரேவி அனலிட்டிக்ஸ் என்ற அத்தகைய நிறுவனம் ஒன்றிலிருந்து கசிந்த தரவுகள் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியாகின. அவற்றில் ஆயிரக்கணக்கான செயலிகளின் பெயர்கள் காணப்பட்டன. பச்சிளம் பிள்ளைகளும் விளையாடும் கேண்டி கிரஷ், டெம்பிள் ரன் போன்றவையும் அப்பட்டியலில் இருந்தன; தொழுகைக்கான செயலிகளும் இருந்தன. விளையாட்டை ஆக்கியவருக்கே தெரியாமல் விளம்பர ஏலத்தின் வழியே விபரங்கள் வெளியேறியிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் விளக்கினர்.

இது நமக்குப் புதிதன்று. 2020ஆம் ஆண்டு நவம்பரில், உலகெங்கும் முஸ்லிம்கள் தொழுகை நேரத்துக்கும் கிப்லாவுக்கும் பயன்படுத்திய 'முஸ்லிம் புரோ' என்ற செயலியின் இருப்பிடத் தரவுகள், எக்ஸ்மோட் என்ற நிறுவனத்தைச் சென்றடைந்த விடயம் செய்தியாக வெளிவந்தது. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் அமெரிக்க இராணுவ ஒப்பந்தகாரரும் இருந்தனர். 9 கோடி 80 இலட்சம் தடவைக்கு மேல் தரவிறக்கப்பட்ட செயலி அது. செய்தி வெளியானதும் அத்தொடர்பைத் துண்டித்துவிடுவதாகச் செயலியை நடத்துவோர் அறிவித்தனர். வணக்கத்தலங்கள் போன்ற இடங்களுக்கு மக்கள் சென்று வருவதைக் காட்டும் தரவுகளை அந்நிறுவனமும் அதன் வாரிசு நிறுவனமும் விற்கலாகாது என்று அமெரிக்க ஆணைக்குழு கட்டளையிட்டது 2024ஆம் ஆண்டு ஜனவரியிலேயாகும். இடையில் மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன.

பள்ளிவாசலுக்குப் போவது நம் உரிமை. அதில் ஒளிக்க ஏதுமில்லை. ஆயினும் எந்த வீட்டுப் பிள்ளை எந்த நேரத்தில் எந்தப் பள்ளிவாசலில் இருந்தான் என்பதை அந்நியர் விலைகொடுத்து வாங்கக்கூடிய சரக்காக ஆக்குவதற்கு நாம் ஒருபோதும் சம்மதம் தெரிவிக்கவில்லை.

நாம் மறந்துபோன எச்சரிக்கை

வல்வெட்டித்துறை மக்களும் நாமும் சம்மதமின்றிப் பதியப்படுவதன் வலியை நன்கறிந்தவர்கள். 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடாநாட்டிலே படையினர் வீடுவீடாகச் சென்று குடும்ப விபரங்களையும் புகைப்படங்களையும் பதிவு செய்தபோது மக்கள் கலங்கினர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். அவ்வாண்டு மார்ச்சில், அப்பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபரின் தரப்பு நீதிமன்றத்தில் உறுதியளித்தது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்த கொடூரத் தாக்குதல்களின் பின்னர், அவற்றோடு எத்தொடர்பும் இல்லாத நம் வீடுகளின் அலுமாரிகளும் நூல்களும் கூடச் சோதிக்கப்பட்ட நாட்களை நாம் மறக்கவில்லை.

படலையில் நின்று குடும்ப விபரம் கேட்டவரிடம் "ஏன்? எதற்கு? எந்தச் சட்டத்தின் கீழ்?" என்று கேட்டவர்கள் நாம். அதே விபரங்களை, அதனிலும் அதிகமான விபரங்களை, பத்து வயதுப் பிள்ளை 'அனுமதி' என்று எழுதிய ஒரு பொத்தானை அழுத்திக் கொடுத்துவிடும்போது மௌனமாக இருக்கின்றோமே, இது எங்ஙனம் பொருந்தும்?

பிறர் வீட்டினுள் நுழையுமுன் ஸலாம் கூறி அனுமதி பெற வேண்டும் என்பது நமது மார்க்கத்தின் ஒழுக்கம். சூரா அந்நூரில் அதற்கென்றே சட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அது மட்டுமா? ஸுபஹுக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளும் கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்று அங்கு கற்பிக்கப்பட்டுள்ளது. சொந்தப் பிள்ளையே அனுமதி கேட்டு வரவேண்டிய அறையில், ஒலிவாங்கியும் கமெராவும் திறந்த நிலையில் ஒரு விளையாட்டை இஷாவுக்குப் பின்னும் இயங்கவிடலாமா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியும் தொலைபேசியும்

குறை சொல்வது எளிது. வழி சொல்வதே கடினம். எனவே வழிகளுக்கு வருவோம்.

முதலாவது, கொன்சோல் பெட்டி. 2000ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் 16 கோடி வரை விற்பனையான பிளேஸ்டேஷன் 2 போன்ற பழைய பெட்டிகளில் தட்டைப் போட்டால் விளையாட்டு ஓடும். பெட்டியை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். வீட்டு முற்றத்துக்கு அப்பால் அதற்குப் பேச ஆளில்லை. தம்பியும் நானாவும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து விளையாடி, சண்டையிட்டு, சமாதானமாவார்கள். இப்போதைய பெட்டிகளும் இணைய இணைப்பின்றிப் பல விளையாட்டுக்களை ஓட்டக்கூடியவையே. 2013ஆம் ஆண்டில் எக்ஸ்பொக்ஸ் வன் அறிமுகமானபோது, நாளொன்றுக்கு ஒருமுறையேனும் இணையத்துடன் இணைய வேண்டும், கமெராவுடன் கூடிய கினெக்ட் கருவி எப்போதும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றெல்லாம் அறிவித்தார்கள். மக்கள் மறுத்தார்கள், சில மாதங்களுக்குள் நிறுவனம் இரண்டையும் கைவிட்டது. வாங்குபவர் "வேண்டாம்" என்றால் பெருநிறுவனமும் பணியும் என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

ஆகவே, கொன்சோலை அறைக்குள் வைக்காது மண்டபத்திலே வையுங்கள். பிள்ளைக்கென வேறு கணக்குத் திறவுங்கள். அந்நியரோடு பேசும் வசதியை மூடிவிடுங்கள். வங்கி அட்டையின் இலக்கத்தை அதில் பதிந்து வைக்காதீர்கள்.

இரண்டாவது, அன்ட்ரொய்ட் தொலைபேசி. புதிய தொலைபேசி வாங்காமலே செய்யக்கூடியவை பல. அமைப்புகளுக்குச் சென்று, எந்த விளையாட்டு எதற்கெல்லாம் அனுமதி பெற்றிருக்கின்றது என்று பாருங்கள். சீட்டாட்டம் போன்ற ஒரு சிறு விளையாட்டுக்குத் தொடர்பாளர் பட்டியலும் இருப்பிடமும் எதற்கு? நீக்கிவிடுங்கள். 2021ஆம் ஆண்டு வெளியான அன்ட்ரொய்ட் 12 முதலாக, விளம்பர அடையாள இலக்கத்தை முற்றாக அழித்துவிடும் வசதி உண்டு. ஒலிவாங்கியோ கமெராவோ இயங்கும்போது திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளியும் தோன்றும். அந்தப் பச்சைப் புள்ளியைக் கவனிக்கப் பிள்ளைக்குப் பழக்குங்கள்.

தொழில்நுட்பத்தில் ஈடுபாடுள்ள இளைஞர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தனிமையைப் பேணுவதையே நோக்காகக் கொண்ட அன்ட்ரொய்ட் வகைகள் உள்ளன. பிக்ஸல் தொலைபேசிகளுக்கென உருவாக்கப்பட்ட கிராஃபீன் ஓஎஸ் அவற்றுள் ஒன்று. அதில் ஒரு விளையாட்டை நிறுவும்போதே அதற்கு இணையத்தை மறுத்துவிடலாம். விளையாட்டு ஓடும்; ஆனால் எவருக்கும் எதையும் அனுப்ப இயலாது. லீனேஜ் ஓஎஸ் என்பது, தயாரித்த நிறுவனம் கைவிட்ட பழைய தொலைபேசிகள் பலவற்றுக்கும் புத்துயிர் கொடுப்பது. எஃப்-ட்ரொய்ட் என்ற களஞ்சியத்திலே மூலநிரல் திறந்து வைக்கப்பட்ட விளையாட்டுக்கள் கிடைக்கின்றன. சுப்பர் டக்ஸ் கார்ட் என்ற காரோட்டமும், கட்டடம் கட்டி விளையாடும் லுவான்டியும், மைன்டஸ்ட்ரியும் அவற்றுட் சில. விளம்பரமில்லை, வேவுமில்லை, காசும் இல்லை.

இதிலும் உண்மையை மறைக்கலாகாது. இவ்வாறு மென்பொருளை மாற்றும்போது தொலைபேசியிலுள்ளவை அனைத்தும் அழிந்துவிடும். சில வங்கிச் செயலிகளும், போட்டி விளையாட்டுக்கள் சிலவும் அதில் இயங்க மறுக்கும். பூட்டுத் திறந்த தொலைபேசி திருடர் கையில் அகப்பட்டால் பாதுகாப்புக் குறைவு. விளங்கியவரின் துணையின்றி இதில் இறங்க வேண்டாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மென்பொருளும் ஸுபஹுக்கு எழுப்பிவிடாது. வேவு பார்க்காத விளையாட்டும் இரவைத் தின்றுவிடும். அளவுமீறிய விளையாட்டை ஒரு நோய்நிலையாக உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அவ்வகைப்படுத்தல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இளைஞர்களே, உங்களோடு

அன்புத் தம்பிமாரே, தங்கைமாரே! நீங்கள் விளையாடுவதை நான் குறைகூற வரவில்லை. நான்கு விடயங்களை மட்டும் உங்களிடம் வேண்டிக்கொள்கின்றேன்.

ஒன்று, கணக்குத் திறக்கும்போது பிறந்த ஆண்டைப் பொய்யாகக் குறிப்பிடாதீர்கள். பிள்ளைகளுக்கென உலகின் சட்டங்கள் வழங்கும் பாதுகாப்புக்கள் யாவும் அந்த ஒரு பொய்யினால் உங்களை விட்டு நீங்கிவிடுகின்றன. நீங்கள் வளர்ந்தவர் என்று எண்ணி, வளர்ந்தவரிடம் பேசுவது போலவே உங்களிடம் பேசுவார்கள்.

இரண்டு, விளையாட்டுப் பெயரில் ஊர், பாடசாலை, சொந்தப் பெயர், புகைப்படம் எதுவும் இருக்க வேண்டாம். அணித்தோழன் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், படம் அனுப்பு, தொலைபேசி இலக்கம் தா, வாப்பாவிடம் சொல்லாதே என்று ஒருவன் கூறினால், அவன் தோழனல்லன். அந்தக் கணமே வெளியேறி வீட்டாரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஜூனில், பப்ஜி விளையாடியவாறே ஆபாசமாகப் பேசி யூடியூப்பில் ஒளிபரப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் கைது செய்யப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்தோருள் பதின்ம வயதினரும் இருந்தனர்.

மூன்று, இலவசமாக டயமண்ட் தருகின்றோம் என்று கூறும் திருத்தப்பட்ட செயலிகளை நிறுவாதீர்கள். அவற்றை ஆக்கியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. கள்ளச் சாவியை வாங்கியவன் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த கதையாகிவிடும்.

நான்கு, உள்ளே என்ன இருக்கின்றதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளிலிருந்து விலகியிருங்கள். பெல்ஜியம் 2018ஆம் ஆண்டிலேயே சில விளையாட்டுக்களில் இருந்த அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று தீர்மானித்தது. சூதைப் பற்றி நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே, உங்களோடு

வாப்பாமாரே, உம்மாமாரே! இவற்றையெல்லாம் கேட்டதும் பிள்ளையின் தொலைபேசியில் இரகசியமாக வேவுச் செயலி ஒன்றைப் போட்டுவிடலாம் என்று உங்களுள் சிலருக்குத் தோன்றலாம். அவ்வாறு செய்ய வேண்டாம். அந்நியர் வேவு பார்ப்பதை வெறுக்கும் நாம், அதே செயலை வீட்டுக்குள் செய்தால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? பார்க்கப்படுவது சகசம் என்பதையும், பார்ப்பவரை ஏமாற்றுவதே திறமை என்பதையும் கற்றுக்கொள்ளும். துருவித் துருவி ஆராய்வதைத் தடுத்த மார்க்கம் நம்முடையது. மேலும், அத்தகைய வேவுச் செயலிகள் திரட்டும் விபரங்களும் இன்னொரு நிறுவனத்திடமே போய்ச் சேர்கின்றன.

கண்காணிப்பு வேண்டாமா? வேண்டும். அது வெளிப்படையாக இருக்கட்டும். எத்தனை மணிக்கு விளையாட்டு முடியும், இரவில் தொலைபேசி எங்கே வைக்கப்படும், எந்த விளையாட்டுக்கு எந்த அனுமதி என்பவற்றைப் பிள்ளையுடன் அமர்ந்து பேசி முடிவெடுங்கள். அந்த விதி உங்களுக்கும் பொருந்தட்டும். பிள்ளையின் தொலைபேசியை மஃரிபுக்கு வாங்கி வைத்துவிட்டுத் தான் மட்டும் நள்ளிரவு வரை முகநூலைத் தடவும் தந்தையின் சொல் நிலைக்காது.

சட்டம் காக்கும் என்று மட்டும் இருந்துவிடவும் இயலாது. நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் செயற்படவிருந்த நிலையில் பிற்போடப்பட்டன. சீனா 2021ஆம் ஆண்டில் 18 வயதுக்குட்பட்டோரின் இணைய விளையாட்டை வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்கு மட்டுப்படுத்தியது. தமிழ்நாடு 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில், பணம் வைத்து விளையாடும் இணைய விளையாட்டுக்களுக்கு நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை தடை விதித்து, விளையாடுவோரின் அடையாளத்தையும் உறுதிப்படுத்தக் கோரியது. இத்தகைய சட்டங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. வயதை அறிய அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டையைக் கொடுத்தால் இன்னுமொரு விபரம் வெளியே போகின்றது. காவலுக்கு வைத்தவனுக்கும் வீட்டு விபரம் சொல்லவேண்டியிருக்கின்றது. ஆகவே, பிள்ளைக்கு முதற் காவல் பெற்றோரே.

அருகில் அமர்ந்து, "மகன், இந்த விளையாட்டை எனக்கும் காட்டித் தாருங்கள்" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் அதில் தோற்றுப் பாருங்கள். எந்த அதிகாரத்தினாலும் திறவாத கதவு அப்போது திறக்கும். நாளை ஓர் அந்நியன் தகாததைக் கேட்டால், பிள்ளை முதலில் ஓடிவருவது அந்தக் கதவின் வழியாகவே.

அன்பார்ந்த நேயர்களே! பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவனுடைய பெயரும், முகமும், குரலும், அவன் நடமாடும் இடமும் அந்த அமானிதத்தின் பகுதிகளே. அவை குறித்து 'அனுமதி' என்று கூறும் உரிமை, அவன் வளரும் வரை நமது பொறுப்பில் உள்ளது. இன்றிரவு வீட்டில் எல்லோரும் ஒன்றுகூடி, ஒரேயொரு தொலைபேசியை எடுத்து, அதிலுள்ள விளையாட்டுக்களுக்குக் கொடுத்த அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பார்வையிடுங்கள். தேவையற்றதை நீக்குங்கள். பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும் நம் இல்லங்களையும் பாதுகாப்பானாக! வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.